புல்லுருவியின் கீழே ஒரு முத்தம்

நம் சங்கத்தின் கூடல் டிசம்பர் கடைசி வாரத்தில் வருவதால், "பண்டிகைச் சமயத்துக்குப் பொருத்தமா வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு குடுங்க சார்" என்று மலர்க்குழுத் தம்பிகள் கேட்டார்கள். கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றியும் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றியும் எழுதாதவர் இல்லை. ஆகவே, நம்மில் பலரும் படங்களில் பார்த்திருந்தும் பெயர் தெரியாமல் விட்டுவிட்ட ஒரு செடியை எடுத்துக்கொண்டேன்.

ஆங்கிலத் திரைப்படங்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் அதைக் கண்டிருப்பீர்கள். வாசல் நிலையின் மேலோ கூடத்தின் நடுவிலோ சிவப்பு நாடா கட்டிய ஒரு பச்சைக் கொத்து தொங்கும். நடுநடுவே முத்துப்போல வெள்ளைப் பழங்கள். அதன் கீழே வந்து நிற்கும் ஆணும் பெண்ணும் முத்தமிட்டுக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். அந்தக் கொத்தின் பெயர் மிசல்டோ.

"இது எந்தக் காலத்துப் பழக்கம்?" என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "ரெண்டாயிரம் வருஷமா நடக்குது. ட்ரூயிட் பூசாரிங்க காலத்துப் பழக்கம்." கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் வடநாட்டுத் தேவதை ஒருத்தியின் கண்ணீர்க் கதையையும் சேர்த்துச் சொல்வார்கள்.

எங்களுக்கு வரலாறு நடத்திய பேராசிரியர் ஒருவர், யார் என்ன சொன்னாலும் மூன்று கேள்வி கேட்பார். "யாரு சொன்னது? எப்ப எழுதினது? அவன் எழுதினதுல நீ சொல்ற விஷயம் இருக்கா?" தேர்வுக்காகப் படித்ததில் பாதி மறந்துவிட்டது. இந்த மூன்று கேள்விகள் மறக்கவில்லை. அவற்றை மிசல்டோவிடம் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண்ணைத் தொடாத செடி

முதலில் செடி. மிசல்டோ நமக்கு அந்நியமானதல்ல. நம் மாமரங்களில் கொத்துக் கொத்தாகத் தொற்றி வளரும் புல்லுருவிக்கு அது நெருங்கிய உறவு. தானே இலை விட்டு, பச்சையம் வைத்து, உணவு தயாரித்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரையும் தாது உப்புகளையும் தான் தொற்றியிருக்கும் மரத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். தாவரவியல் நண்பர்கள் இதை அரை ஒட்டுண்ணி என்பார்கள். ஐரோப்பிய மிசல்டோவின் அறிவியல் பெயர் விஸ்கம் ஆல்பம். இன்றைய வகைப்பாட்டில் அதைச் சந்தனக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். சந்தனமரமும் பக்கத்து மரங்களின் வேரிலிருந்து திருட்டுத்தனமாக உறிஞ்சி வாழ்வதுதான். ஆக, வாசனை தருகிறவரும் முத்தம் தருகிறவரும் ஒரே குடும்பத்துத் திருடர்கள்!

இதன் பழத்துக்குள் பசைபோல ஒரு கோந்து இருக்கும். பழத்தைத் தின்னும் பறவை அலகில் ஒட்டிய விதையைக் கிளையில் தேய்க்கும். அல்லது எச்சத்தோடு விடும். விதை அங்கேயே ஒட்டிக்கொண்டு முளைக்கும். அந்தக் கோந்தை எடுத்துப் பறவை பிடிக்கும் பசை செய்தார்கள் ரோமானியர்கள். லத்தீனில் விஸ்கம் என்றால் செடிக்கும் பெயர், பசைக்கும் பெயர். பௌதிக ஆய்வகத்தில் நாமெல்லாம் அல்லாடிய 'விஸ்காசிட்டி' இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

குளிர்காலத்தில் ஐரோப்பிய மரங்கள் இலையுதிர்ந்து எலும்புக்கூடாக நிற்கும். அந்த மொட்டைக் கிளையில் மிசல்டோ மட்டும் ஒரு பச்சைப் பந்தாகத் தொங்கும். மண்ணைத் தொடுவதில்லை, விதைத்தவர் யாருமில்லை, எல்லாம் செத்துக் கிடக்கும் மாதத்தில் இது மட்டும் காய்த்துப் பழுக்கிறது. பார்த்தவர்களுக்கு மலைப்பு வராமல் இருக்குமா? 'மரத்தின் உயிரே இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது என்று பழங்கால மக்கள் நம்பினார்கள்' என வாதாடி, ஜேம்ஸ் ஃப்ரேசர் என்ற அறிஞர் 1890இல் 'தங்கக் கிளை' என்ற பெயரில் ஒரு பெரிய நூலையே தொடங்கினார்.

பிளினி எழுதியது

இப்போது ட்ரூயிட் பூசாரிகளுக்கு வருவோம். பழங்கால கெல்ட் மக்களின் குருமார்கள் இவர்கள். தங்கள் போதனைகளை எழுதி வைப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. இதை ஜூலியஸ் சீசரே பதிவு செய்திருக்கிறார். அதனால் அவர்களைப் பற்றி நாம் அறிவதெல்லாம் மற்றவர்கள் எழுதியவையே.

மிசல்டோ சடங்கை எழுதியவர் ரோமானிய அறிஞர் மூத்த பிளினி. கி.பி. 77 வாக்கில் வெளியான 'இயற்கை வரலாறு' நூலின் 16ஆம் பகுதியில் அது வருகிறது. இரண்டு ஆண்டு கழித்து, 79இல், வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது மாண்டவர் இவர்தான். கால் நாட்டு (இன்றைய பிரான்ஸ்) ட்ரூயிடுகளுக்கு ஓக் மரத்தில் வளரும் மிசல்டோவைவிடப் புனிதமானது எதுவுமில்லை என்கிறார் அவர். அது ஓக் மரத்தில் வளர்வது மிக அபூர்வம். கிடைத்தால், பிறையின் ஆறாம் நாளில் வெள்ளுடை அணிந்த பூசாரி மரமேறி, தங்க அரிவாளால் அறுப்பார். கீழே நிற்பவர்கள் வெள்ளைத் துணியில் ஏந்திக்கொள்வார்கள். இரண்டு வெள்ளைக் காளைகள் பலி கொடுக்கப்படும். அதைக் கரைத்துக் குடித்தால் மலட்டு விலங்கும் ஈனும், எந்த விஷமும் முறியும் என்பது நம்பிக்கை.

அருமையான வர்ணனைதான். ஆனால் நம் பேராசிரியரின் மூன்றாவது கேள்வியை இங்கே போடுங்கள். இதில் முத்தம் இருக்கிறதா? இல்லை. வீட்டுக்குள் தொங்கவிட்டார்கள் என்று இருக்கிறதா? இல்லை. குளிர்காலப் பண்டிகை என்று இருக்கிறதா? அதுவும் இல்லை. நாள் சொல்கிறார், மாதம் சொல்லவில்லை. இங்கிலாந்தைப் பற்றிய பேச்சே அந்த இடத்தில் கிடையாது.

1984இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதிச் சதுப்பு நிலத்தில், பல நூற்றாண்டுகளாகக் கெடாமல் கிடந்த ஒரு மனித உடல் கிடைத்தது. 'லிண்டோ மனிதன்' என்று பெயரிட்டார்கள். அவன் குடலில் மிசல்டோவின் மகரந்தத் துகள்கள் இருந்தன. எத்தனை தெரியுமா? நான்கு. அந்த நான்கு துகளை வைத்துக்கொண்டு, இவன் ட்ரூயிடுகள் கொடுத்த நரபலி என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆனால் மகரந்தம் காற்றிலோ உணவிலோ கலந்தும் உள்ளே போயிருக்கலாமே!

பால்டரின் சாவு

அடுத்து அந்தக் கண்ணீர்க் கதை. ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் எழுதிய 'எட்டா' என்ற நூலில் அதன் மூலம் இருக்கிறது.

பால்டர் என்ற அழகிய தேவன் தான் சாகப்போவதாகக் கனவு காண்கிறான். அவன் தாய் ஃபிரிக், நெருப்பு, நீர், இரும்பு, கல், மரம், நோய், விலங்கு என எல்லாவற்றிடமும் "என் மகனுக்குத் தீங்கு செய்ய மாட்டேன்" என்று சத்தியம் வாங்குகிறாள். மிசல்டோவிடம் மட்டும் வாங்கவில்லை. 'பச்சைக் குழந்தை, இதனிடம் போய்ச் சத்தியமா' என்று விட்டுவிடுகிறாள். சூழ்ச்சிக்கார லோகி பெண் வேடமிட்டு வந்து இந்த ரகசியத்தைக் கறந்துவிடுகிறான். எதை எறிந்தாலும் பால்டருக்கு ஒன்றும் ஆகாது என்று தேவர்கள் எறிந்து விளையாடும் நேரத்தில், பார்வையற்ற ஹோட் என்பவன் கையில் மிசல்டோக் குச்சியைக் கொடுத்து எறியச் செய்கிறான். பால்டர் செத்து விழுகிறான்.

நமக்கு இந்தக் கதையின் நாடித்துடிப்பு உடனே புரியும். இரணியன் கேட்ட வரத்தில் விட்டுப்போன சந்துபோல, துரியோதனன் தொடையில் விட்டுப்போன இடம்போல, எவ்வளவு பெரிய காவலிலும் ஒரு சின்ன இடைவெளி. அதுதான் கதையின் சாரம்.

இன்று சொல்லப்படும் கதையில் முடிவு வேறு. பால்டர் உயிர்த்தெழுகிறான், தாயின் ஆனந்தக் கண்ணீர் வெள்ளைப் பழங்களாகிறது, "இனி இந்தச் செடியின் கீழ் வருகிற எல்லோருக்கும் முத்தம்" என்று அவள் அறிவிக்கிறாள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்னோரி எழுதியதில் இது கிடையாது. எல்லாப் பொருளும் அழுதால் பால்டரைத் திருப்பித் தருகிறேன் என்கிறாள் பாதாளத்தின் தலைவி ஹெல். எல்லாம் அழுகின்றன. ஒரு அரக்கி மட்டும் மறுக்கிறாள். அவள் லோகியே என்பது ஊகம். பால்டர் திரும்பவில்லை. இந்த உலகம் அழிந்து புது உலகம் பிறக்கும்போதுதான் வருவான். ஆக, மூலக்கதையில் மிசல்டோ கொலைக் கருவி. அதைக் காதல் சின்னமாக்கியது பின்னால் வந்தவர்களின் கைவேலை.

முத்தம் எப்போது வந்தது?

அப்படியானால் முத்தம் எங்கேதான் தொடங்குகிறது? இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் அலங்காரமாக மிசல்டோ 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1648இல் வெளியான ராபர்ட் ஹெரிக்கின் தொகுப்பில், பண்டிகை அலங்காரங்களை இறக்கி வைப்பது பற்றிய கவிதை ஒன்றில் அதன் பெயர் வருகிறது. அங்கே முத்தம் இல்லை. 1719இல் சர் ஜான் கோல்பாட்ச் என்ற மருத்துவர் மிசல்டோவைப் பற்றித் தனி நூலே போட்டார். அது வலிப்பு நோய்க்கான மருந்தைப் பற்றியது. பழங்கால ஆர்வலர் வில்லியம் ஸ்டூக்லி, யார்க் நகரின் பெரிய தேவாலயத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மிசல்டோவைப் பீடத்தில் வைத்துப் பொதுமன்னிப்பு அறிவிப்பார்கள் என்று எழுதினார். அங்கேயும் முத்தம் இல்லை.

முத்தத்துக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய அச்சுச் சான்றுகளில் ஒன்று 1784ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜார்ஜ் கோல்மன் (இளையவர்) எழுதி லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் நடந்த ஓர் இசை நாடகத்தின் பாட்டில், மிசல்டோவின் கீழ் பெண்களை முத்தமிடுவது பற்றி வருகிறது. பாட்டில் வந்து கைத்தட்டல் வாங்கியது என்றால் சபைக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே சில பத்தாண்டுகள் முன்னால் தொடங்கியிருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் இரண்டாயிரம் வருஷம் ஆகாது.

அடுத்த இரண்டு சான்றுகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1819-20இல் வெளியிட்ட நூலில் ஆங்கிலேயக் கிறிஸ்துமஸை விரிவாக எழுதுகிறார். மிசல்டோவை எங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள் என்கிறார்? பண்ணை வீடுகளிலும் சமையலறைகளிலும். சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய 'பிக்விக்' நாவலில் வீட்டு முதலாளி வார்டில் தன் கையாலேயே ஒரு பெரிய கொத்தைத் தொங்கவிடுகிறார். எங்கே? சமையலறை உத்தரத்தில். கிறிஸ்துமஸ் இரவில் முதலாளி குடும்பமும் வேலையாட்களும் ஒன்றாகக் கூடும் இடம் அதுதான்.

சான்றுகள் எந்தப் பக்கம் கை காட்டுகின்றன என்று பாருங்கள். இந்த வழக்கம் ஓக் மரத்தின் உச்சியிலிருந்து இறங்கி வந்ததாகத் தெரியவில்லை. அடுப்படியிலிருந்து கூடத்துக்கு ஏறி வந்ததாகவே தெரிகிறது. வேலைக்காரப் பெண்ணைத் தேடி ஆண்கள் யாரும் வரக்கூடாது என்பது அக்காலப் பெரிய வீடுகள் பலவற்றில் விதி. அடுப்பும் அண்டாவும் துடைப்பமுமாக வருஷம் முழுக்க ஓடிய பெண்ணுக்கும், குதிரை லாயத்தில் வேலை பார்த்த பையனுக்கும், யாரும் ஏன் என்று கேட்காத ஒரு நாள் அது. தோட்டத்து ஆப்பிள் மரத்திலிருந்து காசில்லாமல் பறித்து வந்த ஒரு கொத்து அதற்கு அனுமதிச் சீட்டு.

பிறகு ஏன் ட்ரூயிடுகள் வந்தார்கள்? 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ட்ரூயிட் மோகம் தலைவிரித்தாடியது. மேலே சொன்ன ஸ்டூக்லி 1740இல் ஸ்டோன்ஹென்ஜ் கல்வட்டமே ட்ரூயிடுகளின் கோயில் என்று நூல் எழுதினார். அந்தப் பெரிய கற்கள் கி.மு. 2500 வாக்கிலேயே நின்றுவிட்டன. ட்ரூயிடுகள் பற்றிய செய்திகள் வருவது அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு. ஆனாலும் மக்கள் நம்பினார்கள். சமையலறை வழக்கம் கனவான்களின் கூடத்துக்கு வந்தபோது அதற்கு ஒரு கௌரவமான பூர்வீகம் தேவைப்பட்டது. பிளினி கையில் தயாராக இருந்தார், ஸ்னோரியும் கிடைத்தார். புதுசாகச் சொத்து சேர்த்த குடும்பம் புலவரைப் பிடித்து வம்சாவளி பாடச் சொல்வதில்லையா? அதே கதைதான். அந்த வம்சாவளியில் தங்க அரிவாளுக்கு இடம் கிடைத்தது. பாத்திரம் தேய்த்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

தேவாலயங்களும் இந்த வம்சாவளியை நம்பியதுபோலத் தெரிகிறது. ஹாலி இலையையும் ஐவிக் கொடியையும் சேர்த்துக்கொண்ட பல கோயில்கள் மிசல்டோவைச் சேர்ப்பதில்லை. பழவழக்கங்களைத் தொகுத்த ஜான் பிராண்ட், அது தவறுதலாகவே கோயிலுக்குள் நுழையும் என்ற பொருள்பட எழுதினார்.

பழத்தை எண்ணு

இர்விங் இன்னொன்றும் சொல்கிறார். மிசல்டோவின் கீழே ஒரு பெண்ணை முத்தமிடும் ஒவ்வொரு தடவையும் அந்த இளைஞன் கொத்திலிருந்து ஒரு பழத்தைக் கிள்ளிவிட வேண்டும். பழம் தீர்ந்தால் உரிமையும் தீர்ந்தது. எவ்வளவு அழகான விதி! அனுமதிக்கு ஓர் அளவு உண்டு, கணக்கு உண்டு, முடிவு உண்டு.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மிசல்டோவின் கீழே முத்தம் பெறாத பெண்ணுக்கு அடுத்த வருஷம் கல்யாணம் ஆகாது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. பயமுறுத்தல்தானே இது? டிக்கன்ஸின் நாவலில் வயதான பாட்டியம்மாவைப் பிக்விக் மரியாதையோடு முத்தமிடும் காட்சி மனதுக்கு இதமானது. அடுத்து இளம்பெண்கள் கத்துகிறார்கள், மூலைக்கு ஓடுகிறார்கள், போராடுகிறார்கள், கடைசியில் ஒத்துக்கொள்கிறார்கள். எழுதியவர் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். அவர்கள் செல்லமாகத்தான் கத்தினார்கள் என்பது ஆண் எழுதிய சாட்சி. அந்தச் சமையலறையில் நின்ற வேலைக்காரப் பெண் ஒருத்தி எழுதியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும்? முதலாளி மகன் கொத்தின் கீழே வந்து நின்றபோது 'முடியாது' என்று சொல்ல அவளால் முடிந்திருக்குமா? 'தொன்றுதொட்டு வரும் வழக்கம்' என்ற சொல், விருப்பம் உள்ளவர்களுக்குக் கதவைத் திறந்தது. விருப்பம் இல்லாதவர்களின் வாயை அடைத்தது. இரண்டும் வரலாறுதான்.

இன்றைய நிலை

இங்கிலாந்தில் மிசல்டோ அதிகம் விளைவது மேற்குப் பகுதியில்: ஹியர்ஃபோர்ட்ஷயர், வூஸ்டர்ஷயர், குளோஸ்டர்ஷயர், சாமர்செட். அங்கே பழைய ஆப்பிள் தோப்புகள் உண்டு. டென்பரி வெல்ஸ் என்ற சிற்றூரின் மிசல்டோ ஏலம் பேர்பெற்றது. பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் கட்டுக் கட்டாக விற்பனையாகும். 1990களில் இச்செடியைத் தேடி நாடு தழுவிய கணக்கெடுப்பே நடத்தினார்கள். பழைய தோப்புகள் அழிந்துவருவதால், தொற்றிக்கொள்ள மரமில்லாமல் போகுமோ என்ற கவலை அவர்களுக்கு. அமெரிக்காவில் வளர்வது வேறு இனம். ஓக்லஹோமா 1893இல், மாநிலமாக ஆவதற்கு முன்பே, அதைத் தன் மலர்ச் சின்னமாக்கிக்கொண்டது.

தமிழில் ஒருவரைப் 'புல்லுருவி' என்றால் அது வசைச்சொல். கூட இருந்தே குடிகெடுப்பவன் என்று பொருள். அவர்களோ அதே இனத்துச் செடியை வாசலில் கட்டி முத்தமிடுகிறார்கள். செடி ஒன்றுதான். அதற்கு என்ன அர்த்தம் கொடுப்பது என்பது மனிதர்கள் கையில் இருக்கிறது.

தம்பி தங்கைகளுக்கு

இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். 'காலங்காலமா இப்படித்தான்' என்று யாராவது சொன்னால் கோபப்படாதீர்கள், கேள்வி கேளுங்கள். எந்தக் காலத்திலிருந்து? யார் எழுதினது? 1997இல் தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடுக்கச் சட்டம் வரும்வரை, விடுதிகளில் அதற்குச் சொல்லப்பட்ட நியாயமும் இதே 'காலங்காலமா'தான். தேதி கேட்டிருந்தால், அந்தக் காலங்காலம் நாலைந்து செட்டுக்கு முன்னால் யாரோ ஒருவர் தொடங்கியது என்று தெரிந்திருக்கும்.

அதற்காக வழக்கங்களையெல்லாம் தூக்கிப்போட வேண்டும் என்று சொல்லவில்லை. மிசல்டோ முத்தத்துக்கு வயது இரண்டாயிரம் அல்ல, சுமார் இருநூற்றைம்பது என்று தெரிந்ததால் அதன் மதிப்பு என் கண்ணில் குறையவில்லை; கூடித்தான் இருக்கிறது. தேவர்களும் பூசாரிகளும் அருளியதாக நினைத்திருந்த ஒன்றை, கையில் கரியோடு நின்ற பேர் தெரியாத சமையல்காரிகளும் வண்டிக்காரர்களும் உண்டாக்கியிருக்கிறார்கள் என்றால், அவர்கள் பெயரில் அதை எழுதி வைப்பதுதான் நியாயம். அவர்கள் போட்ட விதியையும் மறக்காமல் எழுதி வையுங்கள்: ஒரு முத்தத்துக்கு ஒரு பழம், பழம் தீர்ந்தால் கையைக் கட்டிக்கொண்டு விலகி நிற்க வேண்டும்.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள்.